எலிப்பொறியா, எலி கேக்கா, எலி அட்டையா? சேலத்து வீட்டுக்கும் ஏற்காட்டு வீட்டுக்கும் எது சரி

வீட்டில் எலி நடமாட்டம் தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். மளிகைக் கடையில் எலி கேக் ஒரு பாக்கெட் வாங்கி, உடைத்து, அடுப்படி மூலையிலும் பரணிலும் போடுவது. ஒரு வாரத்துக்குள் எங்கோ ஒன்று செத்து நாறும். எங்கே என்று தேடிக் களைத்துப்போவோம். அடுத்த மாதம் அரிசி மூட்டையில் மறுபடி ஓட்டை விழும். கேக் வேலை செய்யாமல் இல்லை. வந்திருப்பது எந்த எலி, எந்த வழியாக வருகிறது, வைத்ததைத் தினமும் காலையில் பார்க்க ஆள் இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்காமல் வாங்கியதுதான் கோளாறு. இந்த மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஆனால் பொறிக்கும் மருந்துக்கும் இடையே தேர்வு செய்ய அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகளில், குளிர் வரும்போது எலி வீட்டுக்குள் வரும், வெயில் வந்தால் வெளியே போகும் என்றிருக்கும். சேலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. சுண்டெலிக்கு இங்கே வருடம் முழுக்க இனப்பெருக்கக் காலம்தான். சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஒரு ஈற்றுக்கு 5 முதல் 8 குட்டி. ஈன்ற ஓரிரு நாளில் மறுபடி சினையாகிவிடும். குட்டிகளும் 6 முதல் 8 வாரத்தில் ஈனத் தயாராகிவிடும். மாதத்துக்கு ஒன்றிரண்டைப் பிடிப்பதால் எண்ணிக்கை குறையாது. குறுகிய நாட்களில் மொத்தமாகப் பிடித்து, வழியையும் அடைத்தால்தான் தீரும்.

முதலில், வந்திருப்பது யார்?

சேலத்து வீடுகளில் நான்கு பேர் வருவார்கள். சுண்டெலி, வீட்டெலி, பெருச்சாளி, மூஞ்சூறு. நான்குக்கும் வைத்தியம் வேறு.

சுண்டெலியின் எடை 12 முதல் 25 கிராம்தான். உடலும் வாலும் ஏறக்குறைய ஒரே நீளம். காது பெரியது. புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர், அரிசி நொய் அளவில், முனை கூர்மையாக இருக்கும். ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு 50-க்கும் மேல் புழுக்கை போடும். அதனால் ஐம்பது அறுபது கிடப்பதைப் பார்த்து வீடு முழுக்க எலி என்று பதற வேண்டாம். வீட்டெலி 150 கிராமுக்கு மேல் வளரும், வால் உடலைவிட நீளம், புழுக்கை 10 முதல் 12 மில்லிமீட்டர். ஓட்டு விட்டம், கேபிள் கம்பி, மாமரக் கிளை என உயரத்தில் ஓடும். பெருச்சாளி வாசல் படிக்கும் சாக்கடைக்கும் அடியில் வளை தோண்டி மண்ணைக் குவித்துப் போடும். அது வீட்டுக்குள் வந்து செய்வது குறைவு, அஸ்திவார ஓரத்தில் செய்யும் சேதம்தான் பெரிது.

மூஞ்சூறு எலியே இல்லை. நீண்ட மூக்கு, கடுகுக் கண், தடித்த வால், ஒருவிதக் கவிச்சி நாற்றம், இரவில் சுவர் ஓரமாகக் காசு குலுங்குவதுபோல் கீச்சிட்டபடி ஓட்டம். அது தின்பது பெரும்பாலும் கரப்பானையும் பூச்சியையும். அரிசி மூட்டையை அது கடிக்காது. மூஞ்சூறு வருகிறதென்றால் கரப்பான் இருக்கிறது என்று பொருள். சாக்கடைத் துளைக்குச் சல்லடை போட்டு, கதவடி இடைவெளியை மூடினால் போதும், கொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

புழுக்கையில் இன்னும் இரண்டு குழப்பம் உண்டு. பல்லி எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளையாக இருக்கும். ஏற்காட்டின் பழைய ஓட்டு பங்களாக்களில் வௌவால் எச்சம் எலிப்புழுக்கை மாதிரியே கிடக்கும். ஒரு குச்சியால் அழுத்தினால் வௌவாலுடையது பொடிப்பொடியாகி, பூச்சிச் சிறகின் மினுமினுப்பு தெரியும். எலியுடையது அப்படிப் பொடியாகாது. புதிய புழுக்கை கறுத்துப் பளபளக்கும், பழசு சாம்பல் நிறமாகிக் காய்ந்திருக்கும். பழசு மட்டும் கிடந்தால் இப்போது எலி இல்லாமலும் இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் ஓர் இரவு டால்கம் பவுடரையோ கல்மாவுக் கோலப்பொடியையோ சுவர் ஓரமாக ஒரு சாண் அகலத்துக்கு மெல்லியதாகத் தூவி வையுங்கள். அரிசி மாவு வேண்டாம், அதைத் தின்றுவிடும். காலையில் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பார்த்தால் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து விரல், நடுவில் வால் இழுத்த கோடு தெரியும். சுண்டெலித் தடம் சுண்டு விரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்காது. கால்தடம் எந்த மூலையிலிருந்து புறப்பட்டு எங்கே போய் மறைகிறது என்பதுதான் இதில் முக்கியம். பொறி வைக்கும் இடமும் அடைக்க வேண்டிய ஓட்டையும் அந்த இரண்டு முனைகளில்தான் இருக்கும்.

ஸ்பிரிங் பொறி

சுண்டெலிக்கு, தினமும் ஆள் புழங்கும் வீட்டில், இதுதான் முதல் தேர்வு. செத்ததைக் கண்ணால் பார்க்கலாம், எடுத்துப் போடலாம், பரணில் நாறாது, குழந்தை வாய்க்குப் போகும் விஷம் இல்லை. சரியாக அடித்தால் உயிரும் நொடியில் போய்விடும்.

பொறி பலிக்கவில்லை என்று சொல்பவர்கள் வீட்டில் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒரு பொறி இருக்கும், அதுவும் பெரிய எலிக்கான பொறியாக இருக்கும். 15 கிராம் எடைக்கு அதன் நாக்கு (இரை வைக்கும் தகடு) இறங்காது. சுண்டெலி ஏறி நின்று நிதானமாகத் தின்றுவிட்டுப் போகும். சிறிய பொறியைக் கேட்டு வாங்குங்கள். சிறியதிலும் சில விறைப்பாக இருக்கும். கொக்கி கம்பியின் நுனியை மட்டும் பிடிக்கும்படி வைத்து, ஒரு குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் விழ வேண்டும்.

சுண்டெலி தன் கூட்டிலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள்தான் சுற்றும். அதனால் ஹாலில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று வைப்பதில் பயனில்லை. தடம் தெரிந்த அறையில் 2 மீட்டருக்கு ஒன்றாக, ஒரே இரவில் 8 முதல் 10 வையுங்கள். பொறி சுவருக்குக் குறுக்காக, இரை வைத்த முனை சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும். சுண்டெலி சுவரை மீசையால் தடவிக்கொண்டே ஓடும் பிராணி, நடுத்தரையில் வைத்த பொறி அதன் வழியில் வராது. பிரிட்ஜுக்குப் பின்னால், கேஸ் அடுப்பு மேடைக்கு அடியில், வாஷிங் மெஷின் ஓரம், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் இடையில், இவைதான் இடங்கள்.

இரை மிளகளவு போதும். பெரிய துண்டு வைத்தால் ஓரத்தைக் கொறித்துவிட்டு நாக்கை அழுத்தாமல் போய்விடும். வறுத்த வேர்க்கடலையை நசுக்கி நாக்கில் அப்பலாம். சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாட்டுத் துணுக்கும் நன்றாக எடுக்கும், அவற்றை நூலால் கட்டிவிட வேண்டும். வீட்டெலி புதிய பொருளைக் கண்டால் நாட்கணக்கில் ஒதுங்கும், அதற்கு இரண்டு மூன்று இரவு பொறியை ஏற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். சுண்டெலி அப்படியில்லை, புதிது என்றாலே வந்து முகரும். முதல் இரண்டு இரவுகளில்தான் அதிகம் விழும். மூன்றாம் நாள் விழவில்லை என்றால் எலி தீர்ந்தது என்று எடுத்துவிடாமல், இடத்தையும் இரையையும் மாற்றி மொத்தம் பத்து நாளாவது வைக்க வேண்டும். கூட்டில் இருந்த குட்டிகள் வெளியே வர நாளாகும்.

அம்மாபேட்டை, இளம்பிள்ளைப் பக்கத் தறிக்கூடங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே சுண்டெலி வருவது தீனிக்கு மட்டுமல்ல. பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, போட்ட கஞ்சி அதற்குத் தீனி, நூல் அதற்குக் கூடு கட்டும் பஞ்சு. குழித்தறியின் குழி மூலையில் நைந்த நூல் உருண்டை கிடந்தால் அது கூடாகத்தான் இருக்கும். இங்கே வேர்க்கடலையைவிட, நாக்கில் இறுகச் சுற்றிய ஒரு விரற்கடை பருத்தி நூல் நல்ல இரை. இழுத்துப் போக முயலும்போது பொறி விழும். குழிக்குள் வைத்த பொறிகளை எண்ணி வைத்து, காலையில் மிதிகட்டையில் கால் வைக்கும் முன் அத்தனையையும் எண்ணி எடுத்துவிடுங்கள். விஷத்தை மட்டும் தறிக்கூடத்தில் போடவே கூடாது. செத்தது பாவுச் சுருளுக்குள் போய்க் கிடந்தால் வெண்பட்டில் ஏறும் கறை போகாது.

எலிக்கூண்டு

பிள்ளையார் வாகனத்தைக் கொல்ல மனம் வராத வீடுகள் நிறைய. அவர்களுக்குக் கூண்டு பொருந்தும், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கடையில் தொங்கும் சாதாரணக் கம்பிக்கூண்டு வீட்டெலிக்கானது. அதன் கம்பி இடைவெளியில் சுண்டெலி உள்ளே போய்த் தின்றுவிட்டு அதே இடைவெளியில் வெளியே வந்துவிடும். கால் அங்குலக் கண்ணுள்ள வலைக்கூண்டோ மரப்பெட்டிப் பொறியோதான் வேண்டும். அடுத்து, பிடித்ததை எங்கே விடுவது? எதிர்ச் சந்தில் விட்டால் திரும்பி வரும், இல்லையென்றால் எதிர்வீட்டுக்குப் போகும். மலைக்குக் கொண்டுபோய் விடுவது அங்கிருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். வாளித் தண்ணீரில் முக்குவது பல வீடுகளில் நடக்கிறது. அது ஸ்பிரிங் பொறியைவிடக் கொடுமையான சாவு. சேலத்துச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கூண்டை மறந்து வைத்தால் அதுவும் அப்படித்தான்.

மூஞ்சூறைப் பிடித்து வெளியே விட மட்டும் கூண்டைப்போல் வேறில்லை.

எலி அட்டை

பசை அட்டையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில் துடிக்கும், பயத்தில் அதன்மேலேயே மூத்திரமும் புழுக்கையும் போடும். அதை உயிரோடு கையில் எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். பல்லி, மூஞ்சூறு, சில சமயம் பூனைக்குட்டியும் ஒட்டிக்கொள்ளும். (அப்படி ஒட்டினால் இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயை ஊற்றி மெல்லத் தேய்த்தால் விடும்.) இந்திய விலங்குகள் நல வாரியமும் இந்த அட்டைகளுக்கு எதிராக அறிவுறுத்தியிருக்கிறது. பயன் என்று பார்த்தாலும் நம் ஊருக்கு ஒத்துவராது. சேலத்துத் தூசி சில நாளில் பசையை மூடிவிடும், கோடையில் பசை இளகி ஓடும், ஏற்காட்டு மூடுபனி ஈரத்தில் ஒட்டாது.

எலி கேக்கும் மற்ற மருந்துகளும்

மருந்து என்று ஒரே பெயரில் விற்பவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

நீலம் அல்லது பச்சை நிற கேக்கில் பெரும்பாலும் இருப்பது புரோமாடயலோன் 0.005 சதவீதம். இரத்தம் உறைவதைத் தடுத்து, தின்ற 3 முதல் 7 நாளில் கொல்லும். உடனே சாகாததால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது, அதுதான் இதன் பலம். குழந்தையோ நாயோ தின்றுவிட்டால் வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு, அதனால் மருந்துகளுக்குள் இதுதான் ஓரளவு ஏற்கத்தக்கது. ஆனால் செத்த எலியைத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் இந்த விஷம் போய்ச் சேரும். கூகை நமக்காகக் காசு வாங்காமல் எலி பிடிக்கும் பறவை, அதைக் கொல்வது நஷ்டம்.

சுண்டெலி ஓர் இரவில் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும், மொத்தமே 3 கிராம்தான் தின்னும். எனவே ஓரிடத்தில் முழு பாக்கெட்டைக் கொட்டாமல், 10 முதல் 15 கிராம் வீதம் 2, 3 மீட்டருக்கு ஒன்றாக வைத்து, கடிபடுவது நிற்கும்வரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் தீர்ந்துபோனால் அரைகுறையாகத் தின்றவை பிழைத்துவிடும். தானியமாகக் கலந்த மருந்தைச் சேலத்தில் எறும்பு இழுக்கும், ஏற்காட்டில் பூஞ்சணம் பிடிக்கும். மெழுகில் வார்த்த கட்டிதான் இரண்டுக்கும் தாங்கும்.

திறந்து வைக்கவே கூடாது. பூட்டும் பெட்டி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் 2 அடி நீளம் வெட்டி, நடுவில் துளையிட்டு, கேக்கைக் கம்பியில் கோத்து முறுக்கிக் கட்டி, குழாயைச் சுவரோடு கிளாம்ப் அடிக்கலாம். குழந்தையின் கை நடுவரை எட்டாது, எலியும் இழுத்துப் போய்ப் பருப்பு டப்பாவுக்குள் போடாது. நாய் இருந்தால் குழாயைக் கடித்துவிடும், அங்கே பூட்டுப் பெட்டிதான்.

எலி பேஸ்ட் என்ற மஞ்சள் பாஸ்பரஸ் களிம்பை வீட்டுக்குள் அனுமதிக்கவே கூடாது. தமிழ்நாட்டில் இதற்குத் தடை உண்டு, எங்கேயாவது கிடைத்தாலும் வாங்காதீர்கள். மாற்று மருந்து கிடையாது. உட்கொண்டவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரிவார், அதற்குப் பிறகே கல்லீரல் செயலிழக்கும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டில் வைத்துப் பார்த்த அந்த இரண்டு நாள்தான் உயிரைக் குடிக்கும். துத்தநாக பாஸ்பைடு என்ற கறுப்புப் பொடி வயல் வளைக்கானது, வயிற்றில் போனதும் பாஸ்பீன் வாயு உண்டாகும், அதற்கும் முறிவு மருந்து இல்லை. கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்றிலேயே அந்த வாயுவை வெளிவிடும். மனிதர் தூங்கும் கட்டடத்தில் அதற்கு இடமே இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறக்க முடியாது. மருந்தடிக்க ஆள் வந்தாலும், என்ன மருந்து என்று பெயர் கேளுங்கள். பொடியோ மாத்திரையோ அறைக்குள் போடுவேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐ அழைத்து, மருந்து பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பூனை, அந்துருண்டை, ஒலிக்கருவி

பூனை வெளியில் திரிவதைப் பிடிக்கும், சுவருக்குள் இருப்பதைப் பிடிக்காது. அந்துருண்டையும் புதினாவும் அடுப்படியில் நாற்றத்தை மட்டும்தான் தரும், அந்துருண்டை குழந்தைக்கு ஆபத்தும்கூட. பிளக்கில் சொருகும் ஒலிக்கருவியின் சத்தம் சுவரையும் பீரோவையும் தாண்டாது, சில நாளில் எலிக்குப் பழகியும் போகும். அந்தக் காசுக்குப் பத்துப் பொறி வாங்குங்கள்.

அடைப்பு: எதைத் தேர்ந்தாலும் இது கூடவே

6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், சுண்டெலி நுழைந்துவிடும். பென்சில் போகும் ஓட்டையில் சுண்டெலி போகும் என்று வைத்துக்கொண்டு, ஒரு பென்சிலோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். வெளியே வைத்த சிலிண்டரிலிருந்து கேஸ் டியூப் வரும் துளை, ஏ.சி. செம்புக் குழாய்த் துளை, பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாயைச் சுற்றிய இடைவெளி, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒயர் வரும் குழாய், பின்கதவின் அடி. சேலத்து வீடுகளில் பெரும்பாலும் இந்த ஐந்தில்தான் இருக்கும்.

பேப்பர், துணி, தெர்மாகோல், ஸ்பிரே நுரை எல்லாவற்றையும் ஒரே இரவில் கடித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் நாரை ஓட்டைக்குள் இறுகத் திணித்து, அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையைப் பூச வேண்டும். நார் மட்டும் வைத்தால் இழுத்து எடுத்துவிடும், கலவை மட்டும் பூசினால் காயும் முன் தோண்டிவிடும். கேஸ் டியூபை மட்டும் சிமெண்டில் புதைக்காதீர்கள். ஓர் இரும்புக் குழாய்த் துண்டைச் சுவரில் பதித்து, டியூபை அதன் வழியே விட்டு, சுற்றிலும் ஸ்டீல் நாரைத் திணித்தால் டியூபை மாற்றும்போது சிரமம் இருக்காது. கதவடியில் ரப்பர் பட்டையோடு ஒரு தகடும் அடிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் காற்றுப்போக்கிக்கும் கால் அங்குலக் கம்பி வலை.

வெளிச்சுவரை முதலில் அடைத்து, பிறகு உள்ளே பொறி வைத்துப் பிடிப்பதே சரியான வரிசை. உள்ளே கேக் வைத்துவிட்டு அடைத்தால் செத்தது சுவருக்குள் தங்கும். கோடையில் சுண்டெலி ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், வீட்டெலி என்றால் இரண்டு மூன்று வாரம் ஈ மொய்க்கும்.

எந்த வீட்டுக்கு எது

அஸ்தம்பட்டி, சூரமங்கலம் பக்கம் குடும்பம் புழங்கும் கான்கிரீட் வீட்டுக்கு அடைப்பும் ஸ்பிரிங் பொறியும் போதும், மருந்தே வேண்டாம். ரேஷன் அரிசி மூட்டையை மட்டும் தகர டிரம்முக்கு மாற்றிவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் மாதிரி தானியக் கடைகளில் கதை வேறு. பக்கத்துக் கடைச் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். மூட்டைகளைத் தரையிலிருந்து அரை அடி உயரப் பலகையில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்கினால்தான் நடுவில் பொறி வைக்கவும் பார்க்கவும் முடியும். கடைக்குள் பொறி, கேக் பெட்டி கடைக்கு வெளியே பின்சுவர் ஓரத்தில். தீனி மலைபோலக் குவிந்திருக்கும் இடத்தில் கேக்கை எலி சீந்தாது என்பதால் உள்ளே வைத்தும் பயனில்லை. பக்கத்துக் கடைக்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் எல்லோரும் வைத்தால் பலன் நிற்கும்.

ஏற்காட்டில் வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குப் பொறி ஒத்துவராது. திங்கட்கிழமை விழுந்தது சனிக்கிழமை வரை கிடந்து அழுகும். கூண்டு என்றால் பட்டினியில் சாகும். இங்கே அடைப்புக்குத்தான் முதல் செலவு. ஓட்டுக்கும் சுவர்த் தலைக்கும் இடையில் அலை அலையாக நிற்கும் இடைவெளியைச் சிமெண்ட் கலவையாலும் வலையாலும் மூட வேண்டும். அதற்கு முன் மாலை மயங்கும் நேரத்தில் வெளியே நின்று பாருங்கள். வௌவால் புறப்படும் வழியாக இருந்தால், குட்டிகள் பறக்கும் காலம் வரை அந்த ஓர் இடத்தை விட்டு வையுங்கள். மெழுகு கேக்கைப் பூட்டுப் பெட்டியில் வெளிச்சுவர் ஓரமாக வைத்து, காவலாளியை வாரம் ஒருமுறை பார்த்து நிரப்பச் சொல்லலாம். மெத்தையைக் கட்டிலில் விரித்தபடி விட்டுப் போகாதீர்கள், சுண்டெலிக்கு அதைவிட வசதியான கூடு கிடைக்காது. வீடு திறந்திருக்கும் வார இறுதி இரவுகளில் மட்டும் பொறி வைத்து, கிளம்பும் முன் எடுத்துவிடலாம்.

அப்படிப் பூட்டிய வீட்டைத் திறந்ததும் துடைப்பத்தைக் கையில் எடுக்க வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் வெளியே இருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து புழுக்கைமேல் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு பழைய துணியால் வழித்து எடுங்கள். உலர்ந்ததைக் கூட்டினால் தூசியாகி மூக்குக்குப் போகும், எலிக்காய்ச்சல் கிருமியோ ஈர மூத்திரத்திலிருந்து கைக்காயம் வழியாக ஏறும். பிளீச்சிங் கரைசலோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. துடைத்த துணியையும் செத்த எலியையும் இரண்டு உறைகளில் கட்டிப் புதைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு அடுப்பைப் பற்றவைக்கலாம்.